ஸ்கேன்ல கேன்சர் மாதிரியே தெரியுது, பயாப்ஸில இல்லன்னு வருது: இது எப்படி?

மார்பகத்துக்கு எடுத்த மேமோகிராம் ரிப்போர்ட்ல "கேன்சருக்கான சந்தேகம் ரொம்ப அதிகம்"னு இருக்கு, ரெண்டு வாரம் தூக்கம் இல்லாம கிடந்து பயாப்ஸி (ஊசியால திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கறது) பண்ணா "சாதாரண கட்டிதான், கேன்சர் இல்ல"ன்னு வருது. உடனே ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, ஸ்கேன் பாத்த டாக்டர் தப்பு பண்ணிட்டாரா? ரெண்டு, இல்ல பயாப்ஸிதான் தப்பா, உள்ள கேன்சர் இருந்து ஊசி அதைத் தொடாமலே போயிடுச்சா? முதல் கேள்விக்கு பெரும்பாலும் பதில் "இல்ல". ரெண்டாவது கேள்வி நியாயமானது, அதுக்கு டாக்டர்களே ஒரு செக் வச்சிருக்காங்க. அது வரைக்கும் போகணும்னா அடிப்படையில இருந்து ஆரம்பிக்கணும்.

படத்துல தெரியறது என்ன?

மார்பகத்துக்குள்ள பால் சுரக்கிற சுரப்பிகள், அதுல இருந்து காம்புக்கு வர்ற குழாய்கள், இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிற நார்த்திசு, மிச்சமெல்லாம் கொழுப்பு. மேமோகிராம்ங்கறது எக்ஸ்ரே, அதுல கொழுப்பு கறுப்பா தெரியும், சுரப்பியும் நாரும் வெள்ளையா தெரியும், கட்டியும் அதே வெள்ளைதான். பிரச்சனை இங்கயே ஆரம்பிச்சிடுது. வெள்ளைக்குள்ள வெள்ளையைத் தேடணும், அதான் அடர்த்தியான மார்பகத்துல மேமோகிராம் படிக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க.

ஒரு செல்லு கேன்சரா இல்லையாங்கறது எந்த ஸ்கேன்லயும் தெரியாது. தெரியறதெல்லாம் வடிவம், ஓரம், நிழல், ரத்த ஓட்டம் அவ்வளவுதான். கேன்சர் கட்டி நிறைய நேரம் பக்கத்து திசுவுக்குள்ள ஊடுருவும், உடம்பு அதுக்கு எதிரா நார் திசுவை உருவாக்கும், அந்த நார் சுருங்கி சுத்தி இருக்கறதை எல்லாம் உள்ள இழுக்கும், அதனால கட்டியோட ஓரத்துல இருந்து முள்ளு முள்ளா கோடு கிளம்பின மாதிரி படத்துல தெரியும். ரிப்போர்ட்ல இதைத்தான் "ஸ்பிகுலேட்டட்"னு எழுதுவாங்க. முள்ளு தெரிஞ்சா கேன்சர் சந்தேகம்ங்கறது சரியான பாடம்தான். ஆனா அந்த முள்ளுல பெரும்பகுதி நார், நாரை உண்டாக்குறதுக்கு கேன்சர் மட்டும்தான் காரணம்னு யாரும் சொல்லல. பழைய காயம், நாள்பட்ட வீக்கம், நரம்பு உறையில இருந்து வர்ற ஒரு சின்ன கட்டி, இதெல்லாமும் அதே நாரை உண்டாக்கும், அதே இழுப்பு, அதே முள்ளு.

ரிப்போர்ட்ல வர்ற வார்த்தைகள்

உதாரணத்துக்கு ஒரு வரி: "மேல் வெளிப்புறத்துல ஸ்பிகுலேட்டட் மாஸ், ஆர்கிடெக்சுரல் டிஸ்டார்ஷன், போஸ்டீரியர் ஷேடோயிங், பைராட்ஸ் 4சி". படிக்கவே வயித்தைக் கலக்கும். பிரிச்சுப் பாத்தா இவ்வளவுதான்:

1. மாஸ்: ரெண்டு கோணத்துல எடுத்த படத்துலயும் தெரியுற ஒரு திரட்சி. ஒரே கோணத்துல மட்டும் தெரிஞ்சா அது திசு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சதால வந்த பொய் நிழலாவும் இருக்கலாம், அதுக்காகத்தான் சில பேரை திரும்பக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னொரு படம் எடுக்கறாங்க.

2. ஆர்கிடெக்சுரல் டிஸ்டார்ஷன்: மார்பகத்துக்குள்ள நார்க்கோடுகள் எல்லாம் காம்பை நோக்கி ஒரு ஒழுங்குல ஓடும். எங்கயோ ஒரு புள்ளியில அந்தக் கோடெல்லாம் வந்து குவிஞ்சு இழுபட்டு நிக்குதுன்னா அதுக்கு இந்தப் பேர். துணியில ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா சுத்தி இருக்கற நெசவு சுருங்குமே, அந்த மாதிரி.

3. போஸ்டீரியர் ஷேடோயிங்: அல்ட்ராசவுண்ட்ல ஒலி அலை ஒரு இடத்துக்கு மேல போக முடியாம அதுக்குப் பின்னாடி கறுப்பு நிழல் விழறது. அடர்த்தியான நார் எது இருந்தாலும் நிழல் விழும்.

4. கால்சிஃபிகேஷன் (மேல உள்ள வரியில இல்ல, ஆனா பல ரிப்போர்ட்ல வரும்): சுண்ணாம்புத் துகள். இது நிறைய பெண்களுக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கும், முக்கால்வாசி தொல்லை இல்லாதது. பெருசா உருண்டையா, சோளப்பொரி மாதிரி, முட்டை ஓடு மாதிரி இருந்தா நல்ல வகை. பொடிப்பொடியா ஒழுங்கில்லாம கொத்தா இருந்தாலோ, குழாய் போற வழியில கோடா, கிளை கிளையா இருந்தாலோதான் சந்தேகம்.

பைராட்ஸ்ங்கறது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 1993-ல கொண்டுவந்த ஒரு மதிப்பெண் முறை, இப்ப உலகம் முழுக்க பயன்படுத்துறாங்க. 0-ன்னா படம் போதல இன்னும் பாக்கணும், 1 நார்மல், 2 கண்டிப்பா சாதாரணம், 3-ன்னா கேன்சரா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்ல, பொதுவா ஆறு மாசத்துல திரும்பப் பாத்தா போதும். 4-ல மூணு உட்பிரிவு. 4ஏ-ன்னா 2-ல இருந்து 10 சதவீதம், 4பி 10-ல இருந்து 50, 4சி 50-ல இருந்து 95. 5-ன்னா 95 சதவீதத்துக்கு மேல. 6 ஏற்கனவே கேன்சர்னு நிரூபிச்சாச்சு.

இந்த எண்ணுல 6-ஐத் தவிர ஒண்ணுகூட நோய்க்குப் பேர் கிடையாது, எல்லாம் வாய்ப்புக் கணக்கு. 4ஏ போட்ட நூறு பேரை எடுத்தா அதுல தொண்ணூறு பேருக்கு மேல கேன்சர் இருக்காது. 4சி போட்ட நூறு பேர்ல அஞ்சு பேர்ல இருந்து அம்பது பேர் வரைக்கும் கேன்சர் இல்லாதவங்களா இருக்கலாம். பைராட்ஸ் 5 போட்டவங்கள்லயே சில பேருக்கு சாதாரண கட்டின்னு வரும், அப்படி வரும்னு தெரிஞ்சேதான் அந்த முறையை வடிவமைச்சிருக்காங்க. அதனால பயாப்ஸி நல்லபடியா வந்தா ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படிக்கற டாக்டர், தப்பு பண்ணிட்டார்னு அர்த்தம் இல்ல.

வேஷம் போடுற கட்டிகள்

*கொழுப்பு நெக்ரோசிஸ்.* இந்த லிஸ்ட்ல அடிக்கடி வர்றது இதுதான். மார்புல அடிபட்டது, கார் சீட் பெல்ட் அழுத்தினது, ஆபரேஷன், ரேடியேஷன், இப்படி ஏதோ ஒண்ணால கொழுப்பு செல்கள் செத்துப்போய் உடைஞ்சு எண்ணெய் வெளிய கசியும். உடம்பு அதை சுத்தம் பண்ண செல்களை அனுப்பும், கடைசியில சுத்தி நார் சுவர் கட்டிடும். இதுல எந்த நேரத்துல படம் எடுக்கறாங்கங்கறதுதான் விஷயம். முழுசா எண்ணெய்ப் பையா மாறி ஓரத்துல முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிஞ்ச பிறகு எடுத்தா பாத்த உடனே சாதாரணம்னு சொல்லிடலாம், பயாப்ஸியே வேணாம். அதுக்கு முன்னாடி, நார் இழுத்துட்டு இருக்கற நேரத்துல எடுத்தா முள்ளு முள்ளா, தோலை உள்ள இழுத்துகிட்டு, கைக்கு கல்லு மாதிரி, அப்படியே கேன்சர். நிறைய பேருக்கு எப்ப அடிபட்டதுன்னு ஞாபகமே இருக்காது, அதனால "அடிபட்டுச்சா?"ன்னு கேட்டு "இல்ல"ன்னு பதில் வந்தா மட்டும் இதை ஒதுக்கிட முடியாது. ஏற்கனவே கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இது வந்தா இன்னும் குழப்பம், தழும்பு இருக்கற அதே இடத்துல புதுசா ஒரு முள்ளுக்கட்டி, திரும்ப வந்துடுச்சோன்னு பயம். இங்க எம்ஆர்ஐ கொஞ்சம் உதவும், கட்டியோட நடுவுல கொழுப்போட சிக்னல் தெரிஞ்சா பெரிய நிம்மதி.

*ரேடியல் ஸ்கார்.* பேர்லதான் தழும்பு இருக்கு, எந்தக் காயத்தோடவும் ஆபரேஷனோடவும் சம்பந்தம் இல்ல. நடுவுல ஒரு நார் மையம், அதுல இருந்து குழாய்களும் சுரப்பிகளும் சூரியக்கதிர் மாதிரி நாலாபக்கமும் ஓடும், மைக்ராஸ்கோப்ல பாக்க அழகா இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல போனா காம்ப்ளெக்ஸ் ஸ்கிளீரோசிங் லீஷன்னு பேர். மேமோகிராம்ல நீளமான மெல்லிசான கோடுகள், நடுவுல வெள்ளைக்கு பதிலா கறுப்பு. கேன்சர்னா நடு வெள்ளையா இருக்கும், இது கறுப்பா இருக்கு, அப்ப இதை வச்சே பிரிச்சிடலாமேன்னு தோணும். முடியாது, ஏன்னா டியூபுலர் கார்சினோமான்னு மெதுவா வளர்ற ஒரு கேன்சர் வகையும் இதே மாதிரி தெரியும். அதுக்கும் மேல ரேடியல் ஸ்காருக்குள்ளயே ஒரு மூலையில அசாதாரண செல்களோ சின்ன கேன்சரோ ஒளிஞ்சிருக்கலாம். அதனால பயாப்ஸில "ரேடியல் ஸ்கார்"னு வந்த பிறகும் சில பேருக்கு அதை முழுசா எடுத்துடச் சொல்வாங்க, "கேன்சர் இல்லன்னுதானே வந்துச்சு, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்"னு கேக்கறவங்களுக்கு இதான் காரணம்.

*ஸ்கிளீரோசிங் அடினோசிஸ்.* சுரப்பிகள் எண்ணிக்கையில பெருகி, நடுவுல நார் வளர்ந்து அதுங்களை நசுக்கிடும். படத்துல கால்சிஃபிகேஷன் கொத்தாவோ இழுபட்ட திசுவாவோ தெரியும். இது மைக்ராஸ்கோப்லயே ஏமாத்தும், நசுங்கின சுரப்பிகள் ஊடுருவுற கேன்சர் மாதிரியே இருக்கும்.

*கிரானுலர் செல் ட்யூமர்.* அபூர்வம், ஆனா வேஷத்துல இதுதான் கில்லாடி. 1926-ல அப்ரிகோசாஃப்ங்கற ரஷ்ய நோய்க்குறியியல் நிபுணர் இதை விவரிச்சப்ப தசையில இருந்து வருதுன்னு நெனச்சார், பின்னாடிதான் நரம்பைச் சுத்தி இருக்கற ஷ்வான் செல்கள்ல இருந்து வருதுன்னு தெரிஞ்சுது. உடம்புல எங்க வேணா வரும், நாக்குல அதிகம், மார்பகத்துல கொஞ்சம். முள்ளு ஓரம், தோல் குழி விழறது, சில நேரம் பின்னாடி இருக்கற நெஞ்சுத் தசையோட ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கறது, கேன்சருக்கு சொல்ற அடையாளம் ஒண்ணு பாக்கி இல்ல. ஆனா மிகப்பெரும்பாலும் சாதாரணம்தான், முழுசா வெட்டி எடுத்தா முடிஞ்சது.

*ஃபைப்ரோமடோசிஸ்.* நார் திசு செல்கள் பெருகி வர்ற கட்டி, இது நடுவுல நிக்கற ஆள். வேற உறுப்புக்கு பரவாது, அந்த அர்த்தத்துல கேன்சர் இல்ல, ஆனா இருக்கற இடத்துல விடாம ஊடுருவும், எடுத்தாலும் அதே இடத்துல திரும்ப வரலாம்.

*டயபடிக் மாஸ்டோபதி.* ரொம்ப வருஷமா இன்சுலின் போட்டுட்டு இருக்கறவங்களுக்கு, முக்கியமா டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு வர்றது. கட்டி கல்லு மாதிரி, அல்ட்ராசவுண்ட்ல பயங்கர கறுப்பு நிழல், ஆனா மேமோகிராம்ல பாத்தா வெறும் அடர்த்தியான திசுதான். ஊசி பயாப்ஸில உறுதியாயிடுச்சுன்னா வெட்டாம விடறதுதான் நல்லது, வெட்டினா திரும்ப வர்ற பழக்கம் இதுக்கு இருக்கு. படிவத்துல சர்க்கரை நோய் இருக்கான்னு ஒரு கட்டம் இருக்குமே, அதை நிரப்பாம விட்டா ரேடியாலஜிஸ்ட்டுக்கு இது ஞாபகத்துக்கே வராது.

*கிரானுலோமாட்டஸ் மாஸ்டைட்டிஸ்.* இதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியாகணும், ஏன்னா இது சின்ன வயசுப் பெண்களுக்கு, குழந்தை பெத்த சில வருஷத்துக்குள்ள வர்றது, வலி, வீக்கம், தோல் சிவக்கறது, காம்பு உள்ள இழுக்கறது, அக்குள்ல நெறி கட்டறதுன்னு எல்லாம் சேர்ந்து வரும். வேகமா பரவுற இன்ஃபிளமேட்டரி கேன்சரும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். 1972-லதான் இதை தனி நோயா விவரிச்சாங்க. சில பேருக்கு காரினிபாக்டீரியம் வகை கிருமி கிடைக்கும், நிறைய பேருக்கு காரணமே கிடைக்காது. பயாப்ஸில கிரானுலோமா, அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் உருண்டை கட்டி நிக்கறது தெரியும். ஆனா டிபி வந்தாலும் மார்பகத்துல கிரானுலோமாதான் வரும். அதனால "கேன்சர் இல்ல"ங்கறதோட நிறுத்த முடியாது, டிபி இல்லங்கறதையும் பாக்கணும், ஏன்னா முதல் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுப்பாங்க, டிபிக்கு தெரியாம ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தா நோய் முத்திடும்.

இதோட மார்பகத்துல வச்ச சிலிகான் இம்பிளான்ட்டோட கசிவு, ஆபரேஷன் தழும்பு, பல வருஷம் பழசான ஃபைப்ரோஅடினோமா (நாரும் சுரப்பியும் சேர்ந்த ஒரு சாதாரண கட்டி) எல்லாம் உண்டு. அக்குள் நெறியும் ஏமாத்தும். 2021-ல கோவிட் தடுப்பூசி போட்ட கைப்பக்கத்து அக்குள்ல நெறி வீங்கி மேமோகிராம்ல தெரிஞ்சு எத்தனையோ பேர் பயந்தாங்க.

பெட் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுத்தா தீராதா?

இது ரொம்ப பேர் கேக்கற கேள்வி. பெட் ஸ்கேன்ல உடம்புக்குள்ள விடறது சர்க்கரை மாதிரியான ஒரு பொருள், அதை அதிகமா உறிஞ்சுற இடம் ஒளிரும். கேன்சர் செல் உறிஞ்சும், உண்மைதான். வீக்கத்துல வேலை செய்யற எதிர்ப்பு செல்களும் உறிஞ்சும், அதனால கொழுப்பு நெக்ரோசிஸும் கிரானுலோமாவும் கூட நல்லா ஒளிரும். எம்ஆர்ஐ கட்டியைக் கண்டுபிடிக்கறதுல கெட்டிக்காரன், ரத்த ஓட்டத்தைப் பாக்கும், ஆனா வீக்கத்துக்கும் ரத்த ஓட்டம் அதிகம்தானே. விலை கூடின ஸ்கேன் எடுத்துட்டா பயாப்ஸியைத் தவிர்த்துடலாம்ங்கற கணக்கு பெரும்பாலும் பலிக்காது.

எதிர்த் திசையிலயும் இது நடக்கும், அதையும் சொல்லாம விட்டா கட்டுரை ஒருபக்கமா போயிடும். ட்ரிபிள் நெகட்டிவ் (ரெண்டு ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-ம் இல்லாத வகை) கேன்சர்ல சிலது, சளி மாதிரி பொருளைச் சுரக்கற மியூசினஸ் வகை, இதெல்லாம் உருண்டையா, ஓரம் வழவழன்னு, ஃபைப்ரோஅடினோமா மாதிரி சாதுவா தெரியும். ட்ரிபிள் நெகட்டிவ் மாதிரி ரொம்ப வேகமா வளர்றதுல சுத்தி நார் உருவாகறதுக்கே நேரம் இருக்காது, அதனால முள்ளும் இருக்காது. "ஓரம் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்ல"ன்னு படத்தை மட்டும் வச்சு யாராவது சொன்னா, கட்டி புதுசா வந்ததா, வளருதாங்கறதையும் சேர்த்துப் பாக்கணும்.

ஊசி என்ன எடுக்குது, மைக்ராஸ்கோப்ல என்ன பாக்கறாங்க

மெல்லிய ஊசில உறிஞ்சி எடுக்கற எஃப்என்ஏசி வெறும் செல்களைத்தான் கொண்டு வரும், செல்கள் எந்த அமைப்புல இருந்துச்சுன்னு தெரியாது. மேல சொன்ன வேஷக்காரங்களைப் பிரிக்க அமைப்புதான் முக்கியம், அதனால கோர் பயாப்ஸி. அல்ட்ராசவுண்டைப் பாத்துகிட்டே, மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் ஊசியை கட்டி வரைக்கும் கொண்டு போய் ஸ்பிரிங்கைத் தட்டுவாங்க, டப்புன்னு ஒரு சத்தம், வெளிய எடுத்தா சேமியா துண்டு மாதிரி வெள்ளையா ஒரு திசு. அப்படி நாலஞ்சு. கட்டி இருந்த இடத்துல எள்ளு அளவு உலோக கிளிப் ஒண்ணை வச்சுட்டு வருவாங்க, பின்னாடி எங்க எடுத்தோம்னு தெரியறதுக்கு. கால்சிஃபிகேஷனுக்காக எடுத்ததுன்னா அந்த திசுத் துண்டையே ஒரு எக்ஸ்ரே எடுத்து சுண்ணாம்புத் துகள் உள்ள வந்திருக்கான்னு அங்கயே பாத்துடுவாங்க. ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்ங்கற பயம் ரொம்ப பழசு. ஊசி போன பாதையில சில செல் சிதறுறது நடந்தாலும் அதனால ஆயுள் குறையறதா ஆய்வுகள்ல தெரியல.

மைக்ராஸ்கோப்ல பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கற டாக்டர்) தேடுற ஒரு முக்கியமான விஷயம் மயோஎபிதீலியல் செல் வரிசை. நல்ல சுரப்பியைச் சுத்தி வேலி மாதிரி இந்த செல்கள் நிக்கும். ஊடுருவுற கேன்சர்ல இந்த வேலி இருக்காது. ஸ்கிளீரோசிங் அடினோசிஸ்லயும் ரேடியல் ஸ்கார்லயும் சுரப்பி எவ்வளவு கோணலா நசுங்கி இருந்தாலும் வேலி இருக்கும். கண்ணுக்கு சரியா தெரியலன்னா பி63 மாதிரி சாயம் போட்டா வேலி செல்லோட நியூக்ளியஸ் மட்டும் பழுப்பா எழுந்து நிக்கும். கிரானுலர் செல்லுக்கு எஸ்100 சாயம், டிபிக்கு வேற சாயம், அதோட கிருமியை வளர்த்துப் பாக்கற கல்ச்சர். ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கறதுக்கு பெரும்பாலும் இந்த கூடுதல் சாயங்கள்தான் காரணம், கெட்ட செய்தியை மறைக்கறாங்கன்னு அர்த்தம் இல்ல.

ஊசி தவறிப் போயிருந்தா?

ஆரம்பத்துல கேட்ட ரெண்டாவது கேள்வி இது. இதுக்கான செக்குக்குப் பேர் கன்கார்டன்ஸ், அதாவது படமும் திசுவும் ஒத்துப்போகுதான்னு பாக்கறது.

1. படத்துல முள்ளுக்கட்டி, திசுவுல கொழுப்பு நெக்ரோசிஸ், ஆறு மாசம் முன்னாடி அந்த இடத்துல ஆபரேஷன். ஒத்துப்போகுது. முள்ளுக்கு காரணம் கிடைச்சாச்சு.

2. படத்துல முள்ளுக்கட்டி, திசுவுல "சாதாரண மார்பகத் திசு, கேன்சர் இல்ல". ஒத்துப்போகல. சாதாரண திசு முள்ளு முள்ளா தெரியாது, அப்ப ஊசி கட்டிக்குப் பக்கத்துல குத்தியிருக்கலாம். திரும்ப பயாப்ஸி, இல்லன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பாக்கணும்.

3. படத்துல முள்ளு, திசுவுல ரேடியல் ஸ்கார், கூடவே ஏடிபியா, அதாவது அசாதாரண செல்கள். ஒத்துப்போகுது, ஆனா அதோட நிக்காது, முழுசா எடுக்கச் சொல்வாங்க.

ஒரே "கேன்சர் இல்ல"தான், முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் ஒரே நிலைமையில இல்ல. அதனால ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "நெகட்டிவா?"ன்னு கேட்டுட்டு கிளம்பிடாம, கட்டிக்கு குறிப்பிட்ட பேர் ஏதாவது வந்திருக்கா, ரேடியாலஜிஸ்ட் பயாப்ஸி ரிசல்ட்டைப் பாத்து ஒத்துப்போகுதுன்னு எழுதியிருக்காரா, ஏடிபியா இருக்கா, அடுத்த படம் எப்பன்னு நாலையும் கேட்டு வாங்கிக்கணும். பல இடத்துல படம் பாக்கறவர் ஒரு பக்கம், திசு பாக்கறவர் இன்னொரு பக்கம், ரெண்டு பேப்பரையும் ஒண்ணா வச்சுப் பாக்கற ஆளே இல்லாம போயிடுது.

இன்னொண்ணு. எடுக்காம விட்ட சாதாரண கட்டி எங்கயும் போயிடாது, பல வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற சென்டர்ல மேமோகிராம் எடுத்தாலும் அதே முள்ளு அப்படியே தெரியலாம், அங்க இருக்கறவருக்கு முன்கதை தெரியாது, திரும்ப 4சி போடுவார், அவர் போடறதும் சரிதான். பழைய படங்களோட சிடி, பயாப்ஸி ரிப்போர்ட், கிளிப் வச்சதா எழுதின பேப்பர், மூணும் கையில இருந்தா அவர் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, கிளிப் அதே இடத்துல இருக்கு, கட்டி வளரலன்னு 2-ஐப் போட்டு அனுப்பிடுவார்.